கொலோன் பேராலயம்: மொட்டைக் கோபுரமும் தோல் வரைபடமும்

ஜெர்மனியின் கொலோன் நகரத்தை 16, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வரைந்த ஓவியங்கள் நிறைய இருக்கின்றன. எதை எடுத்துப் பார்த்தாலும் ரைன் நதி இருக்கும், படகுகள் இருக்கும், வரிசையாகத் தேவாலயங்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மொட்டைக் கோபுரம் தெரியும். அதன் தலையில் மரத்தாலான பெரிய கிரேன் ஒன்று கையை நீட்டிக்கொண்டு நிற்கும். ஆட்கள் சக்கரத்துக்குள் நின்று நடந்து நடந்து கல்லை மேலே தூக்கும் அந்தக் காலத்துக் கிரேன் அது. 15ஆம் நூற்றாண்டில் கோபுர வேலை நின்றுபோனது. கிரேனைக் கடைசியாக இறக்கியது 1868இல். நடுவில் எத்தனையோ தலைமுறை அந்த ஊரில் பிறந்து, கல்யாணம் கட்டி, பேரன் பேத்தி எடுத்துச் செத்துப்போனது. அவர்கள் ஒருவரும் அந்தக் கோபுரத்தை முழுதாகப் பார்த்ததில்லை. அவர்களுக்குப் பேராலயம் என்றால் அந்தக் கிரேன்தான்.

கொலோன் பேராலயத்தைக் கட்ட 632 வருடம் ஆனது என்று சுற்றுலாக் கையேடுகளில் போட்டிருப்பார்கள். 1248இல் அடிக்கல், 1880இல் நிறைவு. கணக்கு சரிதான். ஆனால் அந்த எண்ணிக்கை விஷயத்தை மறைத்துவிடுகிறது. முதல் 300 வருடம் வேலை நடந்தது. வேகமாகத் தொடங்கி மெல்ல மெல்லத் தேய்ந்தது. அடுத்த 280 வருடம் உருப்படியாக எதுவுமே நடக்கவில்லை. கடைசி 38 வருடத்தில் மிச்சம் முழுவதையும் கட்டி முடித்தார்கள். கட்டுமானத் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு அந்தக் கடைசி 38 வருடம் பெரிய ஆச்சரியம். 600 வருடத்துக்கு முன்னால் வேறொருவர் போட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் தங்கள் பெயரைப் பொறிக்க இடம் தேடாமல், அப்படியே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே ஒரு நடை போய்விட்டு வருவேன். பார்க்கப் பார்க்க அந்த மரியாதை கூடிக்கொண்டுதான் போகிறது.

இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு என்ன அவசியம் வந்தது? அதற்கு 1164க்குப் போக வேண்டும். பார்பரோசா என்று அழைக்கப்பட்ட பேரரசர் பிரெடரிக் 1162இல் இத்தாலியின் மிலான் நகரத்தைப் பிடித்தார். அங்கே வணங்கப்பட்டு வந்த மூன்று ராஜாக்களின் திருப்பண்டங்களை, அதாவது அவர்களுடையவை என்று நம்பப்பட்ட எலும்புகளை, தன் அமைச்சராகவும் கொலோன் பேராயராகவும் இருந்த ரைனால்ட் ஃபான் டாசலுக்குக் கொடுத்தார். குழந்தை இயேசுவைப் பார்க்கப் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்த அதே மூவர். ரைனால்ட் அவற்றை ஆல்ப்ஸ் மலை தாண்டி ஊருக்குக் கொண்டுவந்தார். போர்க் கொள்ளையில் வந்த புனிதப் பொருள் என்பதை மறைக்க முடியாது. மிலான்காரர்கள் அதை மறக்கவே இல்லை. எலும்புகளில் ஒரு பகுதி அவர்களுக்குத் திரும்பிப் போனது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

திருப்பண்டங்கள் வந்த பிறகு கொலோன் தலைகீழாக மாறியது. ஐரோப்பா முழுவதிலிருந்தும் திருப்பயணிகள் வந்து குவிந்தார்கள். ஆஹன் நகரத்தில் முடிசூடிய ஜெர்மானிய அரசர்கள் அடுத்ததாகக் கொலோன் வந்து மூன்று ராஜாக்கள் முன்னால் நிற்பது வழக்கமானது. முதன்முதலில் இயேசுவைக் கும்பிட்ட அரசர்கள் அவர்கள்தானே. நகரத்தின் சின்னத்தில் இன்றைக்கும் மூன்று கிரீடங்கள் இருக்கின்றன.

அந்த எலும்புகளுக்காகச் செய்த பேழைதான் இன்றும் பலிபீடத்துக்குப் பின்னால் கண்ணாடிக்குள் இருக்கிறது. நிக்கோலாஸ் என்ற வெர்டுன் ஊர்ப் பொற்கொல்லர் 1190 வாக்கில் வேலையைத் தொடங்கினார். முடிய 30 வருடத்துக்கு மேல் ஆனது. 2.20 மீட்டர் நீளம், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சின்னத் தேவாலயத்தின் வடிவம். இரண்டு பக்கமும் இறைவாக்கினர்களும் திருத்தூதர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். உட்கார்ந்திருக்கும் விதம்தான் அழகு. ஒருவர் சட்டென்று திரும்புகிறார், இன்னொருவர் யாருடனோ வாதாடுவதுபோல் குனிகிறார், துணி மடிப்புகள் உடம்போடு சேர்ந்து திருகுகின்றன. முன்பக்கத்தில் மூன்று ராஜாக்களும் மரியாவை நோக்கி வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் கிரீடம் இல்லாமல் நான்காவதாக ஒருவர் நிற்கிறார். அது முன்பக்கத்துக்குத் தங்கம் கொடுத்த அரசர் நான்காம் ஓட்டோ. கொடுத்தவர் தன்னையும் வரிசையில் சேர்க்கச் சொல்லிவிட்டார்.

அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தபோது அங்கே கூட்டிப்போனேன். பேழையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம குடில்ல வைக்கிற மூணு ராசாக்களாய்யா இதுக்குள்ள இருக்காங்க?" என்று கேட்டார். ஆமாம்மா, அப்படித்தான் நம்புகிறார்கள் என்றேன். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்று மூன்று பெயரையும் அவரே சொல்லிக்கொண்டார். எங்கள் வீட்டுக் குடிலில் அந்த மூன்று மண் பொம்மைகளும் கிறிஸ்துமஸ் இரவில் தூரத்தில் நிற்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஜனவரி 6 அன்றுதான் மாட்டுத் தொழுவத்துக்குள் விடுவார். கட்டடக்கலை பற்றி நான் சொல்ல வைத்திருந்ததெல்லாம் அன்றைக்குத் தேவைப்படவில்லை.

சரி, கட்டடத்துக்கு வருவோம்.

மூன்று ராஜாக்கள் வந்தபோது இருந்தது 9ஆம் நூற்றாண்டுப் பழைய பேராலயம். வருகிற கூட்டத்துக்கு அது பற்றவில்லை. 1248 ஏப்ரலில் அதன் கிழக்குப் பகுதியை மட்டும் இடிக்கத் திட்டமிட்டார்கள். அந்தக் கால முறைப்படி, சுவருக்கு அடியில் தோண்டி மரத்தால் முட்டுக் கொடுத்து, அந்த மரத்துக்குத் தீ வைப்பது. தீ கைமீறிப் போய் மொத்தக் கோயிலையும் தின்றுவிட்டது. சில மாதங்களில், ஆகஸ்ட் 15, மரியாவின் விண்ணேற்பு விழாவன்று, பேராயர் கொன்ராட் ஃபான் ஹோக்ஸ்டாடன் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். தலைமைக் கட்டடக் கலைஞர் பெயர் கெரார்ட்.

கெரார்ட் பிரான்சுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் என்பது கட்டடத்தைப் பார்த்தாலே தெரியும். 1220இல் தொடங்கிய அமியான் பேராலயம்தான் அவருடைய முன்மாதிரி. பிரான்சின் பேராலயங்கள் அப்போது உயரத்தில் ஒன்றோடொன்று போட்டிபோட்டன. அமியானின் உள்கூரை 42 மீட்டர் சொச்சம். போவே என்ற ஊரில் 48 மீட்டருக்குத் துணிந்தார்கள்; 1284இல் அதன் கூரை வளைவுகள் இடிந்து விழுந்தன. கெரார்ட் போட்ட கணக்கு 43 மீட்டர். அமியானைவிடக் கொஞ்சம் கூட, போவேயைவிடக் குறைவு. இது நின்றது. நடுக்கூடத்தின் அகலத்தைப்போல் 3.6 மடங்கு உயரம். உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கும்போது கூரை உண்மையில் இருப்பதைவிட இன்னும் மேலே இருப்பதாகத் தோன்றுவது இந்த விகிதத்தால்தான்.

அது எப்படி நிற்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல ஆசை. கூரை முழுக்கக் கல் வளைவு. வளைவு கீழ்நோக்கி மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் தள்ளும். அரைவட்ட வளைவைவிடக் கூர்வளைவு பக்கத்தில் தள்ளுவது குறைவு. இருந்தாலும் தள்ளத்தான் செய்யும். பழைய கோயில்கள் அந்தத் தள்ளலைத் தாங்கத் தடித்த சுவர் எழுப்பின. சுவர் தடித்தால் சன்னல் சின்னதாகும், உள்ளே இருட்டு. கோதிக் கட்டடக் கலைஞர்கள் கூரையின் சுமையைக் கல் விலாக்களில் திரட்டிச் சில புள்ளிகளில் மட்டும் இறக்கினார்கள். அந்தப் புள்ளிகளுக்கு வெளியே, காற்றில் பாய்ந்து நிற்கும் அரைவளைவுகளால் முட்டுக் கொடுத்து, தள்ளலை வெளித்தூண்களுக்குக் கடத்தினார்கள். கொலோனில் பீடப் பகுதிக்கு இரண்டு பக்கமும் இரட்டைப் பக்கக்கூடங்கள் இருப்பதால் முட்டு வளைவு ஒரே தாவலில் போக முடியாது. நடுவில் ஒரு தூணில் கால் வைத்து மறுபடியும் பாய்கிறது. வெளித்தூண்களின் தலையில் கூம்பு கூம்பாக நிற்பவற்றை எல்லோரும் அலங்காரம் என்று நினைப்பார்கள். அவை எடை. சாய்வாக வரும் விசையைத் தரையை நோக்கித் திருப்ப அந்த எடை உதவுகிறது. சுவருக்கு இப்போது வேலையே இல்லை. வேலை இல்லாத சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தார்கள்.

கல் எங்கிருந்து வந்தது? ரைன் நதியில் மேல்நோக்கி 40 கிலோமீட்டர் போனால் டிராஹென்ஃபெல்ஸ் என்ற எரிமலைப் பாறைக் குன்று. அங்கே வெட்டிப் படகில் ஏற்றினால் நதியே கொண்டுவந்து சேர்த்துவிடும். டிராகைட் என்ற அந்தக் கல்லைக் கிட்டே போய்ப் பாருங்கள். சாம்பல் நிறத்துக்குள் வெளிறிய படிகத் துண்டுகள் தட்டை தட்டையாகப் பதிந்திருக்கும். சில விரல் நகத்தைவிடப் பெரியவை. வெயில் சாய்ந்து விழும்போது மின்னும். அந்தத் துண்டுகள் கண்ணில் பட்டால் இடைக்காலத்துக் கல்லுக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தால் பேராலயத்தைச் சுற்றி வருவது துப்பறியும் வேலையாகிவிடும்.

பீடப் பகுதியும் அதைச் சுற்றியுள்ள ஏழு சிற்றாலயங்களும் முடிந்து 1322 செப்டம்பரில் அர்ச்சிப்பு நடந்தது. 74 வருடம். அந்தக் காலத்துக்கு இது நல்ல வேகம். மேற்குப் பக்கம் இன்னும் கட்டவேண்டியிருந்ததால் ஒரு தற்காலிகச் சுவர் எழுப்பி மூடினார்கள். அந்தத் தற்காலிகச் சுவர் 1863 வரை நின்றது.

என் கண்ணுக்குக் கொலோனில் ஆகச் சிறந்த வேலை இந்தப் பீடப் பகுதிதான். புகைப்படங்களில் எல்லோரும் எடுப்பது மேற்கு முகப்பும் இரட்டைக் கோபுரமும். ஆனால் கெரார்டும் அவருக்குப் பின்வந்த ஆர்னால்டும் யோகன்னசும் நேரடியாகக் கைவைத்தது கிழக்கில். 1260 வாக்கில் செய்த விவிலியக் கண்ணாடிச் சாளரம் அங்கேதான் இருக்கிறது. மேலே வரிசையாக 48 அரசர்கள் கண்ணாடியில் நிற்கிறார்கள். 104 இருக்கைகள் கொண்ட ஓக் மர வரிசைகள் 1308க்கும் 1311க்கும் இடையில் செதுக்கப்பட்டவை. இவை எல்லாவற்றையும்விடப் பழையது பக்கத்தில் தொங்கும் கெரோ சிலுவை. 10ஆம் நூற்றாண்டு. ஆள் உயரத்துக்கும் மேலான மரச் சிற்பம். தலை தொங்கி, வயிறு சரிந்து, உண்மையிலேயே இறந்துபோன ஓர் உடம்பாக இயேசுவைச் செதுக்கியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் நிற்கும்போது எனக்குப் பேச்சு வராது.

அந்த இடத்திலேயே மனதை உறுத்தும் இரண்டு விஷயங்களும் இருக்கின்றன. ஒன்று, 1266இல் பேராயர் இரண்டாம் எங்கல்பெர்ட் யூதர்களுக்குக் கொடுத்த உரிமைகளைப் பொறித்த கல்வெட்டு: இறந்தவர்களைத் தடையில்லாமல் அடக்கம் செய்யலாம், அவர்களிடம் கூடுதல் சுங்கம் வசூலிக்கக் கூடாது, இப்படி. எல்லோரும் பார்க்கட்டும் என்று பேராலயத்திலேயே வைத்தார்கள். இன்னொன்று, அந்த ஓக் இருக்கை வரிசையில், யூதர்களைப் பன்றியோடு சேர்த்து இழிவுபடுத்தும் செதுக்கல். 1349இல் கொலோனின் யூதர் குடியிருப்பையே எரித்துக் கொன்றார்கள். கல்வெட்டு காப்பாற்றவில்லை. பேராலயத்தின் அழகைப் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்று நினைக்கிறேன். அதே கைகள், அதே உளி.

அப்புறம் வேலை தளர்ந்தது. தெற்குக் கோபுரம் 60 மீட்டரைக்கூட எட்டாமல் நின்றது. 1448இலும் 1449இலும் வார்த்த பெரிய மணிகளை அதிலேயே தொங்கவிட்டார்கள். நடுக்கூடத்தின் தூண்கள் பாதி உயரத்தில் நிற்க, மேலே தட்டையாக மரக்கூரை போட்டு வழிபாடு நடத்தினார்கள். லூத்தரின் சீர்திருத்த அலைக்குப் பிறகு காணிக்கையும் திருப்பயணிகளும் குறைய, பணம் வற்றியது. 1560இல் பேராலய நிர்வாகம் கட்டுமானத்துக்குப் பணம் ஒதுக்குவதை நிறுத்தியது. கோதிக் பாணியே அதற்குள் பழசாகிப்போயிருந்தது.

1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஊருக்குள் வந்தது. பேராலயம் கிடங்கானது, கைதிகளை அடைக்கும் இடமானது. அந்தக் குழப்பத்தில்தான் மேற்கு முகப்பின் மூல வரைபடம் காணாமல் போனது.

இந்த வரைபடத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையே இல்லை. 1280 வாக்கில் வரையப்பட்டது. பல தோல்களை ஒட்டிச் சேர்த்து, ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்துக்கு இரண்டு கோபுரங்களையும் நுனிவரை மையில் தீட்டியிருக்கிறார்கள். கோட்டு வேலை அவ்வளவு நுணுக்கம். ஒவ்வொரு சன்னல் பின்னலும், ஒவ்வொரு கூம்பும், கோபுரத்தின் கல்சல்லடை நுனியும் இருக்கின்றன. பாதியாகப் பிரிக்கப்பட்டு இரண்டு திசையில் போயிருந்தது. 1814இல் ஒரு பாதி டார்ம்ஸ்டாட் நகரத்தில் ஒரு விடுதியின் பரணில் கிடைத்தது. அவரைக்காய் காயவைக்க அதைப் பயன்படுத்தினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கியோர்க் மொல்லர் என்ற கட்டடக் கலைஞரின் கைக்கு அது வந்து சேர்ந்தது. அவருக்கு அது என்னவென்று தெரிந்தது. இன்னொரு பாதியை 1816இல் பாரிசில் சுல்பிட்ஸ் புவாசரே கண்டுபிடித்தார்.

புவாசரே கொலோனின் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. இளம் வயதிலேயே அந்தப் பாதிக் கட்டடத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, முடிந்தால் எப்படி இருக்கும் என்று வரைய வைத்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அரசர்கள், கவிஞர்கள், அதிகாரிகள் என்று ஒருவரையும் விடவில்லை. வரைபடம் கிடைத்ததும் அவருடைய கனவுக்குக் கையில் ஆதாரம் வந்துவிட்டது. அதற்குமுன் "முடிப்போம்" என்றால் யாருடைய கற்பனையை வைத்து முடிப்பது என்ற கேள்வி வரும். இப்போது கட்டியவர்களே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

1842 செப்டம்பர் 4 அன்று பிரஷ்ய அரசர் நான்காம் பிரெடரிக் வில்லியம் மறு அடிக்கல் நாட்டினார். அவர் புராட்டஸ்டன்ட். அதே வருடம் தொடங்கிய பேராலயக் கட்டுமானச் சங்கத்தில் கத்தோலிக்கர்களோடு புராட்டஸ்டன்டுகளும் யூதர்களும் உறுப்பினர்களானார்கள். பிரஷ்ய அரசாங்கமும் சங்கமும் செலவைப் பகிர்ந்துகொண்டன. பணம் போதாமல் 1860களில் லாட்டரியும் நடத்தினார்கள். சிதறிக் கிடந்த சிற்றரசுகளில் ஜெர்மனி என்ற ஒரு நாடு உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. இந்தப் பாதிக் கோயிலை அந்த நாட்டின் அடையாளமாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பக்தியும் அரசியலும் பிரிக்க முடியாமல் கலந்திருந்தன. கலக்காமல் இருந்திருந்தால் அவ்வளவு பணம் சேர்ந்திருக்காது.

எர்ன்ஸ்ட் பிரெடரிக் ஸ்விர்னர் தலைமைக் கட்டடக் கலைஞர். 1861இல் அவர் இறந்ததும் ரிச்சர்ட் ஃபொய்க்டல் தொடர்ந்தார். கண்ணுக்குத் தெரியும் இடமெல்லாம் பழைய வரைபடத்துக்கும் பழைய கட்டடத்துக்கும் கட்டுப்பட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரே இடத்தில் தங்கள் காலத்தைக் கொண்டுவந்தார்கள். கல் வளைவுகளுக்கு மேலே, வெளிக்கூரையைத் தாங்கும் சட்டகம் மரமல்ல, இரும்பு. ஐஃபல் கோபுரத்துக்கு ஏறக்குறைய 30 வருடம் முந்தியது. கூரைக்குள் கூட்டிப்போகும் சுற்றுலாவில் அதைப் பார்க்கலாம். கோதிக் வளைவுகளின் வெளிமுதுகுக்கு மேல் ரயில் நிலையம்போல் இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. 1248இன் ஆட்களும் இரும்பு கிடைத்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார்கள் என்பது என் எண்ணம். அவர்களும் தங்கள் காலத்தின் ஆகப் புதிய தொழில்நுட்பத்தைத்தானே பிரான்சிலிருந்து கொண்டுவந்தார்கள்.

1863இல் நடுவில் இருந்த தற்காலிகச் சுவரை இடித்தார்கள். 541 வருடத்துக்குப் பிறகு வாசலிலிருந்து பீடம் வரைக்கும் பார்வை தடையில்லாமல் போனது. 1880இல் கோபுர நுனிக் கல் வைக்கப்பட்டது. உயரம் 157 மீட்டர். 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூண் முடியும்வரை உலகத்தின் மிக உயரமான கட்டடம். அக்டோபர் 15 அன்று பேரரசர் முதலாம் வில்லியம் வந்து விழா நடந்தது. விழாவில் இருக்கவேண்டிய பேராயர் பவுல் மெல்கர்ஸ் இல்லை. பிஸ்மார்க் அரசாங்கத்துக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் நடந்த மோதலில் சிறைக்குப் போய், பிறகு நாட்டைவிட்டே வெளியேறியிருந்தார். ஊர்க் கத்தோலிக்கர்கள் பலர் விழாவில் ஒட்டாமல் விலகி நின்றார்கள். 632 வருடம் காத்திருந்த கோயில் முடிகிற நாளில் அதன் மேய்ப்பர் வாசலில் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

60 வருடம் கழித்துப் போர். 1942 மே 30 இரவில் ஆயிரம் பிரிட்டிஷ் விமானங்கள் கொலோன் மேல் வந்தன. அதற்குப் பிறகும் 1945 வரை தாக்குதல் நிற்கவில்லை. பேராலயத்தின் மேல் 14 பெரிய குண்டுகள் விழுந்தன. நடுக்கூடத்தில் கூரை வளைவுகள் பல இடிந்தன. ஆனால் கட்டடம் விழவில்லை. இதை அற்புதம் என்பவர்கள் உண்டு; அவர்களோடு சண்டைக்குப் போகமாட்டேன். கட்டடக் கணக்கும் ஒரு காரணம் சொல்கிறது. சுவருக்குப் பதில் தூணும் சன்னலுமாக இருந்ததால் வெடியின் அழுத்தம் வெளியேற வழி இருந்தது. இரும்புச் சட்டகம் மரம்போல் எரியவில்லை. பழைய சாளரக் கண்ணாடிகளை முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். மூன்று ராஜாக்களின் பேழையையும் அப்புறப்படுத்தியிருந்தார்கள்.

1943 நவம்பரில் ஒரு குண்டு வடக்குக் கோபுரத்தின் மூலைத் தூணில் பெரிய பள்ளம் போட்டது. மேலே இருக்கும் கோபுரத்தின் பாரம் அந்த மூலையில் இறங்குகிறது. ராணுவத்தின் கட்டுமானப் படையினர் குண்டுவீச்சுக்கு நடுவிலேயே செங்கல்லை அடுக்கி ஓட்டையை அடைத்தார்கள். அவர்கள் அவசரமாக வைத்த அந்தச் செங்கல் கட்டு 60 வருடம் அப்படியே நின்றது. கருத்த கல்லுக்கு நடுவில் செங்கல் நிறத்தில், ஊர் முழுக்கத் தெரிந்த தழும்பாக. 1990களில் தொடங்கி 2005க்குள் அதைச் செதுக்கிய கல்லால் மூடிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். முகப்பின் முழுமைக்காகச் செய்தது என்று புரிகிறது. ஆனால் கோபுரத்தைத் தாங்கிப் பிடித்தது அந்தச் செங்கல். அது வெளியே தெரிய உரிமை உள்ளது.

கண்ணாடி விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. தெற்குக் குறுக்குக்கூடத்தின் பெரிய சாளரம் போரில் அழிந்தது. பல வருடம் வெறும் வெளிர் கண்ணாடிதான் இருந்தது. 2007இல் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் புதிய சாளரம் கொடுத்தார். புனிதர் உருவம் இல்லை, கதை இல்லை. 72 நிறங்களில் 11,263 சதுரக் கண்ணாடித் துண்டுகள். எந்த நிறம் எங்கே என்பதில் பெரும்பகுதியைக் கணினியின் தற்செயலுக்கு விட்டார். அப்போதைய பேராயர் கர்தினால் மைஸ்னருக்குப் பிடிக்கவில்லை. இது மசூதிக்கோ வேறு வழிபாட்டுக் கூடத்துக்கோ பொருந்தும் என்றார். நான் ரிக்டர் பக்கம். அந்த 72 நிறங்களும் பேராலயத்தின் பழைய சாளரங்களில் உள்ள நிறங்களை ஒட்டி எடுத்தவை. உச்சிவெயில் வரும்போது தரையிலும் எதிர்த் தூண்களிலும் நிறம் கொட்டுகிறது. சுவரை எடுத்துவிட்டு ஒளியைக் கொண்டுவந்த அந்த முதல் கட்டடக் கலைஞர் கெரார்டுக்கு அது போதும்.

மணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1870-71 போரில் பிடிபட்ட பிரெஞ்சுப் பீரங்கிகளை உருக்கி ஒரு பெரிய மணி வார்த்தார்கள். முதல் உலகப்போரில், 1918இல், அந்த மணியைக் கழற்றி உடைத்து மறுபடி போருக்கே கொடுத்துவிட்டார்கள். இப்போதிருக்கும் புனித பேதுரு மணி 1923இல் வார்த்தது, 24 டன். கொலோன்காரர்கள் செல்லமாகத் தடியன் பிட்டர் என்பார்கள். பெரிய திருநாள்களில்தான் அடிப்பார்கள். 2011 ஜனவரி 6, அதுவும் மூன்று ராஜாக்கள் திருநாளன்றே, அடித்துக்கொண்டிருக்கும்போது அதன் நாக்கு அறுந்து விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

1880இல் முடிந்தது என்று சொன்னேன் அல்லவா, கல்தச்சர்களைக் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பேராலயத்துக்கென்று சொந்தப் பட்டறை இருக்கிறது. கல்தச்சர்கள், சிற்பிகள், கண்ணாடி வேலைக்காரர்கள், கொல்லர்கள், சாரம் கட்டுகிறவர்கள் என்று நிரந்தரச் சம்பளத்தில் பெரிய குழு வேலை செய்கிறது. டிராஹென்ஃபெல்ஸ் குன்றில் கல் வெட்டுவது 19ஆம் நூற்றாண்டில் நின்றுபோனது. குன்று சரிய ஆரம்பித்திருந்தது. அதனால் வேறு வேறு இடங்களிலிருந்து கல் கொண்டுவந்தார்கள். அதில் ஷ்லைட்டோர்ஃப் மணற்கல் பெரிய தலைவலி. அதன் மணல் துகள்களைச் சுண்ணாம்புப் பொருள் பிணைத்திருக்கிறது. நிலக்கரிப் புகையும் அமில மழையும் அந்தச் சுண்ணாம்பை ஜிப்சமாக மாற்ற, கல் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. பக்கத்திலேயே இருக்கும் டிராகைட் வெவ்வேறு விதமாகப் பழுதாகிறது, ஒபர்ன்கிர்ஹன் மணற்கல்லோ கருத்துப்போனாலும் உறுதியாக நிற்கிறது. ஒரு கல்லுக்குச் செய்யும் வைத்தியம் பக்கத்துக் கல்லுக்கு ஆகாது. ஒரு பக்கம் முடித்து வருவதற்குள் இன்னொரு பக்கம் ஆரம்பித்துவிடும். "பேராலயம் முடிந்தால் உலகம் முடியும்" என்று ஊரில் ஒரு சொலவடை உண்டு. சாரம் இல்லாத கொலோன் பேராலயத்தை நான் பார்த்ததில்லை.

இந்த ஆட்கள் பெயர் போடுவதில்லை. ஆனாலும் போருக்குப் பிறகு புதிதாகச் செதுக்கிய இடங்களில், தரையிலிருந்து யாருக்கும் தெரியாத உயரத்தில், தங்கள் காலத்தைக் கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறார்கள். கென்னடி, குருஷ்சேவ், டி கோல், மக்மில்லன் ஆகியோரின் முகங்கள் மேலே இருக்கின்றன. ஊர்க் கால்பந்து வீரர்களும் இருக்கிறார்கள். 1308இல் ஓக் மரத்தைச் செதுக்கியவர்களும் இருக்கைக்கு அடியில் நடனக்காரர்களையும் சண்டைக்காரர்களையும் ஒளித்துவைத்தவர்கள்தான்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் பேராலயம் நேர் எதிரே நிற்கும்; கூட்டம் உங்களை மேற்கு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். உடனே உள்ளே போகாதீர்கள். முகப்பின் வலப்பக்கம், தெற்குக் கோபுரத்துக்கு அடியில் உள்ள பேதுரு வாசலுக்குப் போங்கள். வாசல்களில் இடைக்காலத்தில் செய்து முடித்தது அது ஒன்றுதான். அங்கே கல்லில் படிகத் துண்டுகளைத் தேடுங்கள். பிறகு சுவரோடு கண்ணை மேலே கொண்டுபோனால் பழைய வேலை எங்கே நின்றது, புதிய வேலை எங்கே தொடங்கியது என்பது பிடிபடும். அப்புறம் உள்ளே போய், பீடத்தைச் சுற்றியுள்ள சிற்றாலயங்களில் அந்தத் தோல் வரைபடம் இருக்கும் இடத்தைக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். முழங்காலில் பலம் இருந்தால் தெற்குக் கோபுரத்தில் 533 படி ஏறலாம். வழியில் மணிக்கூண்டு வரும். ஜனவரி 6 அன்று போக வாய்த்தால் கட்டாயம் பேழைப் பக்கம் போங்கள். அன்றைக்கு முன்பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருப்பார்கள். கம்பிக்குப் பின்னால் பொன்முடி சூடிய மூன்று மண்டையோடுகளும் தெரியும்.